நடுப்பாதத் தசைநார்க் காயம்: எக்ஸ்ரேயில் முறிவு இல்லை எனினும் வலி தொடர்வது ஏன்?

படி தவறியோ பள்ளத்தில் கால் வைத்தோ பாதம் மடங்கிய பின், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று தங்களிடம் கூறப்பட்டிருக்கலாம். ஆயினும், ஒரு வாரம் கடந்தும் காலை ஊன்ற இயலவில்லையெனில், அதனைச் சாதாரணச் சுளுக்கு என்று கருதிவிட வேண்டாம். நடுப்பாதத்திலுள்ள லிஸ்ஃபிராங்க் தசைநார் கிழிந்திருக்கக்கூடும். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயரால் இது வழங்கப்படுகிறது.

இத்தசைநார், நடுப்பாதத்தின் உட்புறமுள்ள ஆப்பு வடிவ எலும்பினை, இரண்டாம் விரலுக்குச் செல்லும் நீண்ட எலும்பின் அடிப்பகுதியோடு குறுக்காகப் பிணைக்கிறது. முதலாம், இரண்டாம் நீண்ட எலும்புகளின் அடிப்பகுதிகளுக்கிடையே நேரடியான பிணைப்பு ஏதும் இல்லை. எனவே, இந்த ஒரு தசைநார் கிழிந்தாலே அவ்விடம் உறுதியை இழக்கக்கூடும்.

எக்ஸ்ரேயில் எலும்புகள் தெரியும், தசைநார் தெரியாது. படுத்த நிலையில் படம் எடுக்கும்போது பாதத்தின் மீது உடல் எடை இறங்குவதில்லை. ஆதலால், தசைநார் கிழிந்திருந்தாலும் எலும்புகள் தத்தம் இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். எழுந்து நிற்கும்போதுதான் இடைவெளி விரியும். ஆகவே, இரு பாதங்களையும் ஊன்றி நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்து, காயமுற்ற பாதத்தை மற்றப் பாதத்துடன் ஒப்பிடுவது இன்றியமையாதது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி ஐயத்திற்குரியது. அவ்விடத்தில் சிறு எலும்புச் சில்லு தென்படுவதும் முக்கியமான அடையாளமாகும்.

தொடக்கத்தில் வலியால் நிற்க இயலாதிருப்பது இயல்பே. அந்நிலையில் பாதத்திற்குக் கட்டுப் போட்டு, ஏறத்தாழ 10 முதல் 14 நாள்களுக்குப் பின் மீண்டும் படம் எடுப்பர். நுண்ணிய முறிவுகளைக் காண சி.டி. ஸ்கேனும், தசைநாரை நேரடியாகக் காண எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உதவும். எனினும், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் படுத்த நிலையிலேயே எடுக்கப்படுவதால், நின்று எடுக்கும் எக்ஸ்ரேயின் தேவை அதனால் நீங்கிவிடுவதில்லை. கர்ப்பமாக இருப்பின், அல்லது உடலில் பேஸ்மேக்கர், உலோகப் பொருள் ஏதேனும் இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

உள்ளங்காலில் இரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருந்தாலோ, குதிகாலை உயர்த்தும்போது நடுப்பாதம் வலித்தாலோ மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். சுளுக்கு எடுப்பதாக அவ்விடத்தை அழுத்தி நீவ வேண்டாம். காயம் கவனிக்கப்படாமல் போனால் பாத வளைவு தாழ்ந்து, மூட்டுத் தேய்மானமும் நீங்காத வலியும் ஏற்படலாம். எலும்பு விலகாதிருப்பின், சில வாரங்கள் காலை ஊன்றாமல் கட்டுடன் இருப்பதே போதுமானதாகலாம். விலகியிருப்பின் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வீக்கம் விரைந்து பெருகி, விரல்கள் மரத்தோ குளிர்ந்தோ போனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மற்றவர்கள் மறு ஆலோசனைக்குச் செல்லும்போது பழைய எக்ஸ்ரே படத்தை உடன் எடுத்துச் சென்று, அது படுத்து எடுத்ததா, நின்று எடுத்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.