ஒளியூட்டும் அருமண்

உணவுக்குச் சுவை தருவது உப்பு. அது சிறிதளவே சேர்க்கப்படுகிறது. ஆயினும் அச்சிறிதளவே பண்டத்தின் தன்மையை மாற்றிவிடுகிறது. குறைந்தால் சுவை இல்லை. மிகுந்தால் வாயில் வைக்க இயலாது. பொருள்களின் உலகிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு படிகத்தினுள் வேறொரு தனிமத்தைச் சிறிதளவு வேண்டுமென்றே புகுத்தி, முன்பு அதற்கில்லாத ஆற்றலை அளிக்கலாம். இதனை அறிவியலார் மாசூட்டல் என்பர். மாசு என்பது குற்றத்தைக் குறிக்கும் சொல்லாயினும், இங்கு அம்மாசே சிறப்பாகிறது.

ஒளிதரும் பொருள்களை ஆக்குவதற்கு இவ்வாறு சேர்க்கப்படுவனவற்றுள் தலைசிறந்தவை அருமண் தனிமங்கள். சீரியம், யூரோப்பியம், எர்பியம், இட்டெர்பியம் முதலாக இவை 17 ஆகும். பெயரில் அருமை இருப்பினும் இவை யாவும் அரியன அல்ல. சீரியம் நிலவுலகின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உள்ளது. இயல்பில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்து, ஒன்றாய்க் கலந்தே கிடைப்பதால், இவற்றைத் தனித்தனியே பிரித்தெடுப்பதே அரிய செயலாகும்.

சிறு கலப்பின் பெரும் பயனை உலகம் முதலில் விளக்கொளியிற் கண்டது. ஆஸ்திரிய நாட்டு வேதியியல் அறிஞர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் என்பவர் விளக்கு வலைகளைச் செய்யலானார். தூய தோரியம் ஆக்சைடு சுடரில் மங்கலாகவே ஒளிர்ந்தது. அதன் 99 பங்குடன் 1 பங்கு சீரியம் ஆக்சைடு சேர்ந்தபோதோ பேரொளி வீசிற்று. இவ்வலை 1891-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுத் திருவிழாக்களில் இரவைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கு இதன் வழிவந்ததே. தோரியத்தையும் சீரியத்தையும் கொண்ட மோனசைட்டு என்னும் கனிமம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளது.

அக்கலப்புக் கலை இன்று நானோ துகள்களை எட்டியுள்ளது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள சோடியம் இட்ரியம் புளோரைடு துகளை எடுத்துக்கொள்வோம். அதில் இட்ரியம் அமர வேண்டிய 100 இடங்களுள் ஏறத்தாழ 20-இல் இட்டெர்பியத்தையும், 2-இல் எர்பியத்தையும் அமர்த்துகின்றனர். மூன்றும் மின்னேற்றத்தால் ஒத்து, பருமனாலும் நெருங்கியவை. ஆதலின் படிகத்தின் கட்டுக் குலைவதில்லை.

இத்துகளின்மீது கண்ணுக்குப் புலப்படாத, 980 நானோமீட்டர் அலைநீளமுடைய அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால், அது பச்சையொளி வீசும். கதிரை ஏற்பது இட்டெர்பியம். அது தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள எர்பியத்திடம் சேர்க்கிறது. எர்பியம் படிக்கட்டில் ஏறுவதுபோல் இருமுறை ஆற்றல் பெற்று உயர்ந்து, பின்னர் ஒரே பாய்ச்சலில் இறங்கும்போது பச்சையொளியை வெளிவிடுகிறது. இம்முறையை 1966-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிரான்சுவா ஓசெல் எடுத்துரைத்தார். எர்பியத்தில் ஒளிக்குக் காரணமான மின்னணுக்கள், கண்ணாடிக் கூண்டினுள் வைத்த சுடர்போல, வெளி மின்னணுக்களாற் காக்கப்பட்டுள்ளன. ஆதலின் புறச்சூழலால் அதன் ஒளி நிறம் எளிதில் மாறுவதில்லை.

இதன் பயன் யாது? காணும் ஒளியைவிட இக்கதிர் உடலின் தசையுள் ஆழமாகச் செல்லும். தசையையும் ஒளிரச் செய்யாது. எனவே புற்றுக்கட்டியைச் சென்று பற்றும்படி இத்துகள்களை அமைத்தால், இருளில் மின்மினிபோல் அவை நோயுள்ள இடத்தைக் காட்டும் என அறிஞர் கருதி ஆய்ந்து வருகின்றனர்.

ஆயினும் தடைகள் உண்டு. எர்பியம் மிகுந்து அணுக்கள் நெருங்கினால், ஆற்றலைத் தம்முள் மாற்றிக்கொண்டு ஒளி தராமலே வீணாக்கிவிடும். துகள் சிறிதாகச் சிறிதாக, மேற்பரப்பிலும் நீரிலும் ஆற்றல் கசியும். இதனைத் தடுக்க, மாசூட்டாத அதே பொருளால் மெல்லிய போர்வை இடுகின்றனர்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பழமொழி. எதனை, எங்கே, எவ்வளவு சேர்ப்பது என்பதை அறிந்தபோது மணலிற் கிடந்த பொருள் விளக்காயிற்று. அவ்வறிவு முதிருமாயின், நோய் காட்டும் கண்ணாகவும் ஆகலாம்.