என்டெயில்: விளைவையும் கூட்டி வரும் சொல்

ஒரு செயல் தவிர்க்க முடியாத விளைவையும் கூடவே கொண்டுவந்தால், அதை ஆங்கிலத்தில் 'என்டெயில்' என்ற வினைச்சொல்லால் குறிப்பார்கள். வீட்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணையும் வந்தே தீரும் அல்லவா? அந்தப் பிணைப்பைச் சொல்வதற்கான சொல் இது.

இதன் வேர், 'வெட்டு' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். துணி வெட்டும் 'டெய்லர்', சில்லறை விற்பனையைக் குறிக்கும் 'ரீடெய்ல்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவைதான்.

இங்கிலாந்தில் இது முதலில் சொத்துச் சட்டத்தின் சொல். நிலம் இன்னாருடைய வழித்தோன்றல்களுக்கே சேர வேண்டும் என்று வாரிசுரிமையை வெட்டி வரையறுப்பதே என்டெயில். முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1285-இல் வந்த சட்டம் இதற்கு வலுவூட்டியது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் 1813-இல் வெளியானது. அதில் ஐந்து பெண்களைப் பெற்ற பென்னட்டின் நிலம், மகள்களுக்குக் கிடைக்காமல் உறவினர் காலின்ஸுக்குப் போகவிருப்பது, ஆண் வாரிசுக்கே சேர வேண்டும் என்ற இத்தகைய ஏற்பாட்டால்தான்.

நிலத்தோடு பிணைந்த வாரிசுரிமையைக் குறித்த சொல், பின்னர் செயலோடு பிணைந்த விளைவையும் குறிக்கலாயிற்று. ஒப்பந்தம் எதிலாவது இச்சொல்லைக் கண்டால், கூடவே வரும் பொறுப்புகளை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்!