நொடியில் நிறம் மாறும் ஆக்டோபஸ்: கண்ணாடித் தொட்டி அதற்கு வீடாகுமா?

புது தில்லி: கண்ணெதிரே இருந்தபடியே காணாமல் போகும் வித்தையில் ஆக்டோபஸை விஞ்சும் உயிரினங்கள் கடலில் மிகக் குறைவு. அந்த வித்தையை வீட்டுக் கூடத்திலேயே கண்டு களிக்க விரும்பி, கண்ணாடித் தொட்டியில் அதனை வளர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். ஆனால், தொட்டிக்கு வரும் நாளிலேயே அதன் ஆயுளின் பெரும் பகுதி கழிந்திருக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தமிழக மீனவர்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் இவ்வுயிரினம் இந்தியக் கடல்களில் பரவலாக வாழ்கிறது. லட்சத்தீவில் கடல் நீர் வற்றும் வேளையில் பவளத் திட்டுகளின் மீது நடந்து சென்று, பொந்துகளில் பதுங்கியிருக்கும் ஆக்டோபஸ்களைக் கம்பியால் குத்திப் பிடிப்பது வழக்கம். பாறையின் நிறத்தோடு ஒன்றிவிடும் அதனை, பொந்தின் வாயிலில் கிடக்கும் நண்டு ஓடுகளும் சிப்பிகளுமே காட்டிக் கொடுக்கின்றன.

மூளையின் கட்டளை

ஆக்டோபஸின் தோலில் மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறமிகள் கொண்ட நுண்ணிய பைகள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு பையையும் சுற்றித் தசைகள் உள்ளன. தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் பளிச்சிடும். தளர்ந்தால் பை சுருங்கி நிறம் மங்கும். இத்தசைகளை மூளையிலிருந்து வரும் நரம்புகளே நேரடியாக இயக்குவதால், ஒரு நொடிக்குள் உடலின் நிறம் மாறிவிடுகிறது.

இத்தனைக்கும், பெரும்பாலான ஆக்டோபஸ்களின் கண்களில் நிறங்களைப் பிரித்தறியும் அமைப்பு இல்லை. கண்களின் உதவியின்றித் தோலே ஒளியை உணர்வதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தனர்.

தொட்டியில் துயரம்

சிறிய வகை ஆக்டோபஸ்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டே. விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை என்பதால், அவற்றின் வயதை அறிவது கடினம். முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ் இரை உண்பதை நிறுத்திவிட்டு, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் இறந்துவிடுகிறது.

தொட்டி நீரில் சிறிதளவு தாமிரம் கலந்தாலும் உயிருக்கு ஆபத்து. மிரண்டு மை கக்கினால், சிறிய தொட்டியில் அதுவே அதனை மூச்சுத் திணறச் செய்யலாம். எலும்பில்லாத உடல் என்பதால் சிறு இடுக்கு வழியாகவும் தப்பிவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரிலுள்ள தேசிய மீன் காட்சியகத்திலிருந்து 2016-இல் 'இங்கி' என்ற ஆக்டோபஸ் வடிகால் குழாய் வழியே கடலுக்கே சென்றுவிட்டது. வீட்டில் தப்பினால் தரையிலேயே காய்ந்து மடியும். நீல வளைய ஆக்டோபஸோ, வளர்ப்பவரின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. அதன் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

ஆக்டோபஸின் உறவினமான நாட்டிலஸ், 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆக்டோபஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. எனினும், 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரினங்களையும் பிராணி என்றே வரையறுக்கிறது. நடமாடப் போதிய இடமின்றி அடைத்து வைப்பதும் அச்சட்டப்படி குற்றமே. ஆனால், முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டமோ, ஆக்டோபஸ் வலியை உணரும் உயிர் என்பதை ஏற்றுக்கொண்டது.

இந்நிலையில், சட்டத்தைவிட வாங்குவோரின் மனசாட்சியே ஆக்டோபஸுக்குக் காவலாக உள்ளது.