எலும்பும் ஒரு பிரதிதான்

இலக்கியப் பிரதிக்குப் பல வாசிப்புகள் உண்டு, கல்லாகிப்போன எலும்புக்கு ஒரே அர்த்தம்தான் என்றொரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது. அது அப்படியில்லை என்பதை இரண்டு டைனோசர் எலும்புகளை வைத்துச் சொல்லலாம்.

முதலாவது மடகாஸ்கரில் கிடைத்தது. மண்டையோட்டின் மேற்பகுதி, குமிழாகப் புடைத்த ஒரு துண்டு. பாக்கிசெபலோசார் என்றொரு டைனோசர் வகை உண்டு. கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி தலை, தழை தின்னும், வட அமெரிக்காவிலும் ஆசியாவிலும் கிடைப்பது. 1979இல் சூஸ், தாக்கே என்ற இருவர் இந்தத் துண்டை அந்த வகையில் சேர்த்து 'மஜுங்காதோலஸ்' என்று பெயரிட்டார்கள். பெயரோடு நிற்கவில்லை. வடக்கத்தி விலங்கு தெற்கே வந்ததென்றால், வட கண்டங்களுக்கும் கோண்டுவானா எனும் தென் பெருங்கண்டத்துக்கும் தரைத்தொடர்பு இருந்திருக்கவேண்டும் என்று வாதம் விரிந்தது. ஒரு துண்டு எலும்பு, அதன்மேல் ரெண்டு பெருங்கண்டம்!

1996இல் அதே தீவில் ஏறக்குறைய முழு மண்டையோடு ஒன்று கிடைத்தது. 1998இல் ஆய்வு வெளிவந்தது. குமிழ் இருந்தது, கூடவே இறைச்சி கிழிக்கும் பற்களும் இருந்தன. தழைதின்னி என்றது கொன்றுதின்னியா ஆயிப்போச்சு. இன்று அதன் பெயர் மஜுங்காசாரஸ்.

மடகாஸ்கரும் இந்தியாவும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டிக்கிடந்தவை. இரண்டாவது எலும்பு நம்முடையது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் எடுத்தது. 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு, ஊன்தின்னி என்றார்கள். பிறகு அது நீள்கழுத்துத் தழைதின்னி என்று வாசிப்பு தலைகீழானது. கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பே 2 மீட்டர். உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். 'லாம்' மட்டும்தான். எலும்புகள் நொறுங்கிவிட்டன. மிஞ்சியவை வரைபடங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும்.

மடகாஸ்கர்த் துண்டு பாரிஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் தப்பான பெயரைத் திருத்த முடிந்தது. மறுவாசிப்பு என்றால் எதையும் எப்படியும் சொல்லலாம் என்று நம்மில் சிலர் பேசுகிறோம். வாசிக்கப் பொருள் வேணுமே! பொருள் அழிந்த இடத்தில், உரக்கச் சொன்னவன் வாசிப்பே கடைசி வாசிப்பு.

நான் திருவொற்றியூர்க்காரன். இந்தக் கதை எனக்கு எண்ணூர் பற்றியதும்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கச்சா எண்ணெய்க் கறுப்பு படர்ந்தது. படகு, வலை, அலையாத்தி எதுவும் மிச்சமில்லை. எவ்வளவு, எதுவரை, யார் பொறுப்பு என்ற வாதம் வருஷக்கணக்கில் நடக்கும். கறை கழுவப்பட்டபின் மிஞ்சுவது அறிக்கை மட்டும். அறிக்கையும் ஒரு வாசிப்புத்தான்; அதை எதை வைத்து மறுப்பது?

கூட்டம் போடுவதும் துண்டறிக்கை அடிப்பதும் நடக்கட்டும். கூடவே, கறைபட்ட வலையில் ஒரு முழம் அறுத்து, தேதியும் இடமும் எழுதிய சீட்டைக் கட்டி, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைப்போம்.