மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து போகிறவர்கள் அறிந்த செய்திதான். 1948 இறுதியில் ரமணரின் இடது முழங்கைக்கு அருகே சிறு கட்டி ஒன்று தெரிந்தது. 1949 பிப்ரவரியில் அதை அகற்றினார்கள்; மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த ஓராண்டில் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

அது கையில் வந்த கட்டி. சிறிதாக இருக்கும்போதே பார்த்தவர் கண்ணில் பட்டது. பெருங்குடலுக்குள் வளரும் கட்டி யார் கண்ணிலும் படாது. தேடிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. புற்றாகிறவற்றுக்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலத்தில் வலி இருக்காது, பசி குறையாது. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரவும் முடியும். மலை சுற்றி நடக்கிற தெம்பை வைத்துக் குடல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலையின் தேநீர்க் கடைகளில் வெளிநாட்டு அன்பர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஆனால் இந்நோய்க்கான பரிசோதனையில் இருவர் நிலையும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீடு தேடி வருகிறது. அமெரிக்காவில் இளம் வயதினரிடம் இந்நோய் கூடியதால், பரிசோதனை தொடங்கும் வயதை 2021-ல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 30 வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாக வருகிறது. நமக்கு அழைப்பு வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது? தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் 45 வயதில் மருத்துவரிடம் பேச்சை எடுக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் 40 வயதில். அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு. இரண்டில் எது முந்தியதோ அதுவே கணக்கு. அப்பாவுக்கு 48-ல் வந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் 38-ல் பரிசோதனை. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ, நாள்பட்ட பெருங்குடல் அழற்சி இருந்தாலோ இன்னும் முன்பே வேண்டியிருக்கும்.

அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த வயதுக் கணக்கு எதுவும் செல்லாது. இங்கேதான் நாம் பெரிதாக ஏமாறுகிறோம். மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டில் முதலில் வரும் சொல் 'மூலம்'. அடுத்து வருவது 'உடம்புச் சூடு'. துத்தி இலை வதக்குகிறார்கள், கருணைக்கிழங்கு சமைக்கிறார்கள், மோர் குடிக்கிறார்கள். ரத்தம் நான்கு நாள் நிற்கிறது. மருந்து கேட்டுவிட்டது என்று நம்புகிறார்கள். புற்றுநோயில் கசியும் ரத்தமும் இப்படித்தான் விட்டுவிட்டு வரும். மூலம் இருக்கிற ஒருவருக்கே புற்றும் இருக்கலாம்.

ரத்தம் மட்டுமில்லை. சில வாரங்களாக மலம் கழியும் பழக்கம் மாறியிருப்பது, போய் வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, காரணமின்றி எடை குறைவது, ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 30 வயதுக்காரர்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

1923-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அன்று குடலுக்குள் முழுதாக நேரடியாகப் பார்க்க வழியே இல்லை. 1969 முதல், குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி குழாய் வழியாகவே பாலிப்பைக் கம்பிச் சுருக்கு போட்டு எடுத்துவிட முடிகிறது. புற்று ஆவதற்கு முன்பே அதைத் தடுத்துவிடலாம்.

எளிய பரிசோதனை இன்னொன்றும் உண்டு. விரல் அளவு பிளாஸ்டிக் குழாய். மூடியைத் திருகினால் அதோடு மெல்லிய குச்சி ஒன்று வரும். மலத்தில் நாலைந்து இடத்தில் அதைக் குத்தி, மறுபடி குழாயில் செருகி மூடிக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். ரத்தம் இருந்தால் அடுத்து கொலனோஸ்கோப்பி. இதைவிடப் பழைய முறையிலான மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்தவர்களிடம் இந்நோயால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு 1993-லேயே காட்டியது. ஆனால் ரத்தப்போக்கு ஏற்கெனவே இருப்பவர்கள் இந்தக் குழாயோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது; நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கூச்சத்தால் ஆண்டுகளை இழக்காதீர்கள். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போய், "ரத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சொல்லுங்கள். மூலம்தான் என்றால் நிம்மதியாகத் திரும்பலாம். அதை மருத்துவர் சொல்லட்டும்.