காத்து எறங்குதா?

அக்கா மகன் மூன்று மாதமாக ஒரே மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஈப்போ புந்தோங்கில் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, யமாஹா ஆர்எக்ஸ்இசட். மலேசியாவில் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், ஐம்பது வயதுக்காரர்கூட வலது கையைத் தன்னையறியாமல் முறுக்குவார். 1980களின் நடுவில் வந்து 2011 வரை விற்பனையில் இருந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்வதானால், அவர்களுடைய ஆர்எக்ஸ் 100க்குப் பங்காளி.

அவன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கழற்றிப் பூட்டும் வண்டி இது. வாங்கும்போது செய்த ஒரே புத்திசாலித்தனம், கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தது. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். டாங்கிக்கு முதலில் சாயம் அடித்தான். அடுத்து, ரேஸ் புகைக்குழாய் வாங்கினான். ஸ்டார்ட் செய்வது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்டார்ட் ஆனது. அதுதான் வினை. பத்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் இறங்கவில்லை. தானாகவே ஏறிக்கொண்டு போனது. கார்புரேட்டரை நான்கு முறை கழுவிவிட்டான்.

“மாமா, கார்புரேட்டர் போயிடுச்சுபோல. புதுசு வாங்கிடவா?”

“இரும்பை விட்டுட்டு ரப்பரைப் பாருடா” என்றேன்.

பழைய மோட்டார் என்றால் எல்லோருக்கும் துருதான் கண்ணில் படும். துரு தெரிகிற எதிரி. தேய்க்கலாம், சாயம் அடிக்கலாம். ஆனால் இருபது வருடம் மூலையில் கிடந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் விரலகல ரப்பர் துண்டுகள். ஏன் என்பதற்கு இந்த இன்ஜின் மூச்சுவிடும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருப்பது எண்ணெய்க் கிடங்கு. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இடம் ஒரு காற்றுப் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது, கிராங்க் சுற்றும் அறைக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து உறிஞ்சப்படும். கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியே மேலே பாயும். ஆர்எக்ஸ்இசட்டின் சிலிண்டர் விட்டம் 56 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ., கொள்ளளவு 133 சிசி. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் இந்தப் பம்பு வினாடிக்கு நூறு முறை இழுத்துத் தள்ளுகிறது. பம்பில் ஓட்டை இருந்தால்?

வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். அதோடு வர வேண்டிய எண்ணெயின் பங்கும் குறையும். அப்படி நீர்த்த கலவை இன்ஜினை அதிகச் சூடாக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டரின் உள்ளுறை வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியோ 0.04 மி.மீ. அளவுதான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. விரிந்த பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொண்டால் இன்ஜின் ஜாம். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடங்காத அந்த இரைச்சல் அதற்கான முன்னறிவிப்பு.

ரேஸ் குழாயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நடுவில் வயிறு பருத்த அந்தக் குழாய் சத்தத்துக்காகச் செய்ததல்ல. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் அதைக் கூர்தீட்டினார். புகையோடு ஓடும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் திரும்பிவந்து சிலிண்டரை உறிஞ்சும். குறுகும் இடத்தில் திரும்பிவந்து, வெளியே நழுவிய புதுக் கலவையை மறுபடி உள்ளே தள்ளும். அற்புதமான யோசனை. ஆனால் ஓட்டைப் பம்புக்கு எந்தக் குழாய் போட்டும் பயனில்லை. மருமகனுக்கு இது கசந்தது.

சிலிண்டரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டைக் கழற்றினோம். மேலே பார்த்தால் பளபளப்பு. கட்டைவிரலால் வளைத்ததும், ஈப்போ வெயிலில் வெடித்த வயல்போலக் கோடு கோடாகப் பிளந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்தார். முப்பது வருடம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை.

“வெயில்ல காஞ்ச ஒட்டுப்பால் மாதிரி இருக்கே” என்றார்.

அம்மா சொன்ன பாலிலிருந்துதான் ரப்பரின் கதை தொடங்குகிறது. மரத்தில் கட்டிய மங்கில் சொட்டும் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர், ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்த நீளச் சங்கிலி. வெறும் சங்கிலி வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டது. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் ரப்பர் கிடைத்தது. ஆனால் இன்ஜின் பக்கத்தில் வருடக்கணக்கில் வேகும்போது பாலம் போடும் வேலை நிற்பதில்லை. பாலம் கூடக் கூட ரப்பர் இறுகும்.

இன்னொரு எதிரி ஓசோன். நாம் சுவாசிக்கும் காற்றில் நூறு கோடியில் சில பத்துப் பங்குதான் அது இருக்கும். அதுவே போதும். சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுகிறது, அதிலும் இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் விரிசல் விழும். வீட்டில் செய்து பார்க்கலாம்: ஒரு ரப்பர் வளையத்தை ஆணிகளுக்கு இடையே இழுத்து மாட்டுங்கள், இன்னொன்றைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டியது, இழுத்த திசைக்குக் குறுக்காக முதலில் வெடிக்கும். கார்புரேட்டரின் எடையைத் தாங்கி, அதிர்ந்துகொண்டே இருக்கும் மேனிஃபோல்ட் வெடிப்பதும் இப்படித்தான். டயரின் பக்கச்சுவரும் அப்படியே.

ஈப்போ இருக்கும் பேராக் மண்ணில் இந்த ரப்பர் கதைக்கு வயது அதிகம். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளில் ஒன்பது, 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்றை இப்போதும் கோலகங்சாரில் போய்ப் பார்க்கலாம். நம் பாட்டன், பூட்டன் கப்பலேறியதற்கு அந்தக் கன்றுகளும் ஒரு காரணம்.

அப்படியானால் கிராங்க் அறைக்குள் வெளிக்காற்று புகாமல் அடைக்கும் கிராங்க் சீல்களும் நம் பால்தானா? இல்லை. மருமகனுக்கு இதை விளக்க இரண்டு ஜாம் பாட்டில்களில் பெட்ரோல் ஊற்றி, ஒன்றில் சாதாரண ரப்பர் வளையமும் மற்றதில் இன்ஜின் ஓ-ரிங்கும் போட்டு, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் திண்ணையில் வைத்தோம். மறுநாள் காலை ரப்பர் வளையம் ஊறிய மீஹூன்போலப் பருத்து, தொட்டதும் அறுந்தது. ஓ-ரிங் அசையவில்லை. இயற்கை ரப்பர் ஹைட்ரோகார்பன், பெட்ரோலும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தைச் சேர்த்துக்கொள்ளும். பங்ச்சர் ஒட்டும் சொலுசன் என்பதே ரப்பரைக் கரைத்த பசைதானே. 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பரில் நைட்ரஜன் சேர்ந்த கூறு ஒன்று இருக்கிறது. அது பெட்ரோலை உள்ளே விடாது. கிராங்க் சீல்களை அதில்தான் செய்கிறார்கள். ஒரு காலத்தில் பாலை நம்பியிருந்த மலேசியக் கையுறைத் தொழிலும் இன்று பெருமளவு நைட்ரைலுக்கு மாறிவிட்டது. மருமகன் கையில் மாட்டியிருந்த நீலக் கையுறையும் அதுதான்.

முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் நேர் எதிர்க் கதை. அங்குள்ள ரப்பர்கள் பிரேக் எண்ணெயைத் தாங்கும், பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். பிரேக் ரப்பரைப் பெட்ரோலில் கழுவுகிற போமன்களை (மெக்கானிக்குகளை) நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

முதலில் ஒரு கடையில் மலிவாக வாங்கிய மேனிஃபோல்டையும் ஜாம் பாட்டில் சோதனைக்கு அனுப்பினோம். அது வளையத்துக்குத் தம்பி. வேறொன்று வாங்கினோம். கிராங்கின் இரண்டு பக்க சீல்களையும் மாற்றினோம். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் இன்ஜின் கியர் எண்ணெயைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும்; மேக்னெட் பக்கத்து சீல் போயிருந்தால் புகையே இருக்காது, காற்று மட்டும் சத்தமில்லாமல் புகும். இரண்டாவதுதான் ஆபத்து. பழைய மேக்னெட் பக்கத்து சீலை வெளியே எடுத்தபோது அதன் உதடு நகம்போல விறைத்திருந்தது.

இனிச் சோதனை. புகைத் துளையைப் பழைய டியூப் துண்டு வைத்து அடைத்தோம். கார்புரேட்டர் வாயை மூடிய கட்டையில் ஒரு வால்வைப் பொருத்தி, சைக்கிள் பம்பால் மெதுவாக 6 பிஎஸ்ஐ ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவினான். அளவுமானியின் முள்ளைப் பார்த்தபடி ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

அம்மா வாசற்படியில் நின்று கேட்டார்.

“காத்து எறங்குதா?”

“இல்ல பாட்டி. நின்னுடுச்சு.”

“அப்ப அந்த சத்தக் குழாயைக் கழட்டிட்டுப் பழசை மாட்டு. பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது.”