700 கிலோ இரும்பை வீட்டுக்குள் இறக்குவது எப்படி?

வன்னியில் சொந்தமாக லேத் பட்டறை போட நினைப்பவருக்கு, இயந்திரத்தை வாங்குவதைவிட அதை இறக்கி வைப்பதுதான் பெரும்பாடு. கிரேன் பிடித்தால் வாடகை கட்டுப்படியாகாது. "பத்துப் பெடியள் பிடிச்சா இறங்கிடும்" என்பார்கள். இறங்கும்தான். யாராவது ஒருவரின் விரலும் போகும்.

அண்மையில் கிளிநொச்சிப் பக்கம் இந்த வேலையை முழுதாக நின்று பார்த்தேன். இயந்திரத்தின் சொந்தக்காரர் போருக்கு முன் இரண்டு லேத் வைத்திருந்தவர். 2009இல் எல்லாவற்றையும் விட்டுப்போய், மீள்குடியேற வந்தபோது தரையில் அத்திவாரப் போல்ட்டுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இப்போது கொழும்பில் பழைய லேத் ஒன்றை வாங்கி, வீட்டோடு சேர்ந்த கராஜுக்குள் வைக்கிறார். நிறை 700 கிலோ அளவில். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"சரிஞ்சா நான் பாய்ஞ்சு விலக ஏலாது தம்பி. ஒருத்தரும் பாயவேண்டி வராத மாதிரித்தான் செய்யவேணும்."

லேத் நீளமானது, ஒடுங்கியது, மேற்பக்கம் பாரமானது. பற்சக்கரங்களும் சுழல்தண்டும் இருக்கும் தலைப்பக்கத்தில்தான் நிறையில் பெரும்பங்கு. அதனால் நடுவில் கயிறு போட்டால் ஒரு பக்கம் குத்தும். நகரக்கூடிய பாகங்களை மற்ற முனைக்குத் தள்ளி இறுக்கிவிட்டு, பட்டியைத் தலைப்பக்கத்துக்குக் கிட்டப் போட வேண்டும். முன்னால் ஓடும் நீளத் திருகாணித் தண்டில் பட்டி அழுத்தக்கூடாது. அது வளைந்தால் பிறகு மரை வெட்டுவதெல்லாம் பிழைதான். இடையில் மரக்கட்டை வைத்தார்கள்.

லொறியிலிருந்து பலகைச் சரிவில் இறக்கவில்லை. கிணற்று வேலைக்காரரிடம் வாங்கிய இரும்பு முக்காலியை லொறிக்கு மேலாக நிறுத்தி, கால்கள் விரியாமல் சங்கிலியால் பிணைத்து, 2 தொன் செயின் புளொக்கில் லேத்தை நாலு விரல்கடை மட்டும் தூக்கினார்கள். பிறகு லொறியை முன்னால் எடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. பாரத்தை நகர்த்தாமல், அதன் கீழிருந்த வாகனத்தை நகர்த்திவிட்டார்கள்!

தரையில் நாலு இரும்புக் குழாய்கள், எல்லாம் ஒரே பருமன். எந்நேரமும் மூன்று அடியில் இருக்க, பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போடுவது. அலவாங்கால் நெம்ப இரண்டு பேர் போதும். ஒரு அங்குலம் உயர்ந்தால் உடனே ஒரு அங்குலக் கட்டை. கையை அல்ல, கட்டையைத் தடியால் தள்ளுவது.

கராஜ் தரை மணல் நிரப்பி மேலே மெல்லிதாகச் சீமெந்து பூசியது. அதை உடைத்து, லேத் நிற்கும் இடத்துக்கு மட்டும் ஆறு அங்குலக் கொங்கிறீற்றை முதலே போட்டிருந்தார். அதைவிட்டுச் சிக்கனம் பார்த்தால் பிறகு தரை இறங்கும்.

மின்சாரத்தையும் வாங்கமுதல் பார்க்க வேண்டும். பழைய லேத்துகளில் அனேகமாகத் திறீ பேஸ் மோட்டார்தான். வீட்டில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால் இன்வேர்ட்டர் ஒன்றைப் பூட்டி ஓட்டலாம். 400 மட்டும் என்றால் மோட்டாரை மாற்றுவதே சுகம்.

வைத்தவுடன் போல்ட்டை இறுக்கவில்லை. இரும்புப் படுக்கையின் இரு முனைகளிலும் குறுக்காக மட்டம் வைத்துப் பார்த்தார். படுக்கை முறுகி நின்றால் கடைகிற தண்டு ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து வரும். ஒரு முனையை மட்டும் பிடித்து, சோதனைத் தண்டொன்றை மெல்லிதாகக் கடைந்து இரண்டு இடத்தில் அளந்தார். வித்தியாசம் இருந்தது. ஒரு காலடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிவிட்டு, திரும்பவும் கடையத் தொடங்கினார்.